நிக்க வை, படுக்க வை

அனைவருக்கும் வணக்கம். மொழியியல் மாணவர்கள் ஒரு பக்கம், பாலர் பள்ளி ஆசிரியைகள் ஒரு பக்கம் என்று இந்த அரங்கைப் பார்க்கவே மனசு நிறைந்திருக்கிறது. மாணவர்களிடம் கேள்விகள் இருக்கின்றன, ஆசிரியைகளிடம் குழந்தைகள் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் கூடுவது அபூர்வம்.

குழந்தைகள் மொழியை எப்படிக் கற்கிறார்கள், அதை ஆராய மாநாடுகள் ஏன் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் பேத்திக்கு நாலு வயசு. கழுவின சொம்பை மேடை ஓரத்தில் வைத்தாள். அது சாய்ந்து உருண்டது. "பாட்டி, நான் நிக்கத்தான் வச்சேன், அதுவா படுத்துக்கிச்சு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பெரியவர்கள் நாம் "சொம்பை அங்க வை" என்பதோடு விட்டுவிடுகிறோம். அது நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. இவள் எங்கிருந்து எடுத்தாள்?

இதே கேள்வியை மொழியியலாளர்கள் புவனா நரசிம்மனும் மரியான் குல்பெர்க்கும் தமிழ்க் குழந்தைகளையும் டச்சுக் குழந்தைகளையும் வைத்து ஆராய்ந்து, 2011-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். நாலு, ஐந்து வயதுக் குழந்தைகள். டச்சு மொழியில் நிற்க வைப்பதற்கு ஒரு வினை, படுக்க வைப்பதற்கு வேறொரு வினை. இரண்டும் பெரியவர்கள் வாயில் ஓயாமல் புழங்குபவை. தமிழில் 'நிக்க வை', 'படுக்க வை' காதில் விழுவது குறைவு. அடிக்கடி கேட்கும் சொல்லைத்தான் குழந்தை முதலில் சரியாகப் பிடிக்கும் என்று நினைப்போம், இல்லையா? நடந்தது வேறு. தமிழ்க் குழந்தைகள் அந்த வயதிலேயே இரண்டையும் சரியான இடத்தில் சொன்னார்கள். டச்சுக் குழந்தைகள் படுக்க வைக்கிற வினையை எல்லாவற்றுக்கும் போட்டார்கள்.

காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'நில்' தெரியும், 'வை' தெரியும், சேர்த்தால் பொருள் வந்துவிடுகிறது. டச்சு வினையைப் பிரித்துப் பார்க்க அந்தக் குழந்தைக்கு வழியில்லை. எத்தனை முறை கேட்டோம் என்பது மட்டும் கணக்கில்லை, சொல் தன் பொருளை எவ்வளவு திறந்து காட்டுகிறது என்பதும் கணக்கு. டச்சை மட்டும் பார்த்திருந்தாலும் சரி, தமிழை மட்டும் பார்த்திருந்தாலும் சரி, இது தெரிந்திருக்காது.

மொழிகளை இப்படி எதிரெதிரே உட்கார வைக்கத்தான் மாநாடுகள் வேண்டும் என்கிறேன். குழந்தை மொழிக்கான உலக மாநாடு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 1978-ல் டோக்கியோ, 1996-ல் இஸ்தான்புல், 2024-ல் பிராக் என்று ஊர் ஊராகப் போகும். இன்னொன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் ஆண்டுதோறும் நடப்பது. மாணவர்களே, இதைக் கேளுங்கள்: அந்த பாஸ்டன் மாநாட்டை நடத்துபவர்கள் பேராசிரியர்கள் அல்ல, உங்களைப் போன்ற ஆய்வு மாணவர்கள். அங்கே பேச்சுக்கு 20 நிமிடம், கேள்விக்கு 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் போவேன். யாராவது எழுந்து "எங்கள் மொழியில் குழந்தைகள் அப்படிப் பேசுவதில்லையே" என்று சொன்னால் அரங்கமே நிமிர்ந்து உட்காரும்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். ஹார்வர்டில் உளவியலாளர் ரோஜர் பிரவுன் ஆங்கிலம் பேசும் மூன்று குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1973-ல் எழுதிய நூல் இந்தத் துறைக்கே அடித்தளம். அந்தக் குழந்தைகள் தொடக்கத்தில் விகுதிகளை விட்டுவிட்டு, தந்தி அடிப்பது போலப் பேசின. எல்லாக் குழந்தைகளும் இப்படித்தானோ என்று தோன்றுவது இயல்பு. துருக்கி மொழிக் குழந்தைகள் அப்படியில்லை, விகுதிகளைச் சீக்கிரமே, அதிகம் பிழையில்லாமல் சேர்க்கிறார்கள் என்று தெரியவந்தது. துருக்கிக்கு மட்டும் உரிய விசேஷமா அது? 1989-ல் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனர்டும் தமிழ்க் குழந்தைகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று காட்டினார்கள். விகுதிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு போகும் மொழிகளின் தன்மை அது. 'வந்துச்சு', 'போயிட்டா' என்று உங்கள் வகுப்பில் தினமும் கேட்கிற சொற்கள்தான் அதற்குச் சாட்சி.

நம்மிடம் முன்னோடிகள் இருந்தார்கள். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியாவில் உருவான முதல் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கைக் கட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், பிற்காலத்தில் ஆர். வைத்தியநாதனோடு சேர்ந்து ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சைப் பதிவு செய்தார். ஒன்பது மாதத்தில் தொடங்கி, குழந்தைக்கு 33 மாதம் ஆகும்வரை. கணினி கட்டிய கை மழலையை எழுதி வைத்தது என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. பிரையன் மக்வின்னியும் கேதரின் ஸ்னோவும் 1984-ல் தொடங்கிய, குழந்தைப் பேச்சுப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் சைல்டெஸ் தொகுப்பில் அது இருக்கிறது, யாரும் எடுத்துப் படிக்கலாம். தமிழ்க் குழந்தை எப்படிக் கேள்வி கேட்கிறது என்று 1988-லும், எப்படி மறுக்கிறது என்று 1991-லும் வைத்தியநாதன் கட்டுரை எழுதினார். மறுப்புக்கு நமக்கு 'இல்லை', 'வேண்டாம்', 'மாட்டேன்' என்று தனித்தனிச் சொற்கள் உண்டே, அதைக் குழந்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறது என்பது லேசான விஷயமா?

ஆனால் இவ்வளவு பெரிய மொழிக்கு இவை எந்த மூலைக்கு? துறையின் முக்கிய இதழ்கள் நான்கை எடுத்துக் கணக்கிட்டு 2022-ல் ஒரு கட்டுரை வந்தது. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். அந்த இதழ்களில் இடம்பெற்றவை 103. அதிலும் ஆங்கிலமே பெரும்பங்கு. எனக்கு இது வலிக்கிறது. நெல்லைக் குழந்தையும் நீலகிரியில் படுகு பேசும் குழந்தையும் அந்த அரங்குகளுக்குள் போக வேண்டாமா?

ஆசிரியைகளிடம் ஒன்று கேட்கிறேன். பெற்றோரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வாரம் அரை மணி நேரம் போனில் பதிவு செய்யுங்கள். தேதியையும் குழந்தையின் வயதை மாதக் கணக்கிலும் குறியுங்கள். பெரியவர்கள் பேசியதையும் சேர்த்து எழுதுங்கள், அது இல்லாமல் குழந்தையின் பேச்சு பாதிதான். முக்கியமாக, திருத்தாதீர்கள். குழந்தை 'தொம்பு' என்றால் 'தொம்பு' என்றே எழுதுங்கள். என் பேத்தியின் நோட்டை இந்த மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், தேநீர் இடைவேளையில் புரட்டிப் பாருங்கள். இரண்டு வயசுப் பக்கத்தில் அந்தத் 'தொம்பு' இருக்கிறது.