மெஸ்ஸிக்குப் பக்கத்தில் ஆடுபவர்

எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் கால்பந்து ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே சண்டையில்தான் வந்து நிற்கும். அமெரிக்க, கனடியக் கிளப்புகள் ஆடும் மேஜர் லீக் சாக்கர், அதாவது எம்.எல்.எஸ்., தரமான லீகா, இல்லையா? இங்கே நியூ ஜெர்சியில் ஆட்டம் நடக்கும் நாளில் ஹாரிசன் மைதானத்துக்குப் போகும் பாத் ரயிலில் ஏறினால் போதும், காதில் விழும். "கிழட்டு நட்சத்திரங்கள் ஓய்வூதியம் வாங்க வருகிற இடம் இது" என்பது ஒரு கட்சி. "ஐரோப்பாவில் எதை ஆடினாலும் கைதட்டுவாய், உன் ஊர்க் கிளப்பை ஒரு நாளாவது போய்ப் பார்த்திருக்கிறாயா?" என்பது மறு கட்சி. அப்புறம் தரவரிசைப் போர். உலகத்தில் பத்தாவது லீக் என்பார் ஒருவர். இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகுக்குச் சமம் என்பார் இன்னொருவர். பெல்ஜியத்தைத் தாண்டிவிட்டோம் என்று மூன்றாமவர் மார் தட்டுவார். இதையெல்லாம் சரிபார்க்க வழி கிடையாது. நம் ஹாரிசன் ரெட் புல்ஸும் ஒரு பெல்ஜியம் கிளப்பும் ஆண்டுதோறும் புள்ளிக்காக மோதிக்கொள்வதில்லையே. அதனால்தான் சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது.

நான் அந்த வரிசையில் இன்னொரு எண்ணைச் சொல்ல வரவில்லை. இந்த லீகின் தரத்தை உச்சியில் இருக்கும் நட்சத்திரத்திடம் தேடக் கூடாது என்பதுதான் என் கட்சி. அவருக்குப் பந்து தள்ளிக் கொடுக்கிறவர் யார், எழுபதாவது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்குகிறவர் யார் என்று பாருங்கள். அந்த ஆளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை லீகின் விதிப்புத்தகம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

இன்டர் மயாமி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் மெஸ்ஸி வந்தபோது அந்த அணி கிழக்குப் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தது. முதல் ஆட்டம் மெக்சிகோவின் க்ரூஸ் அஸூலோடு. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு ஃப்ரீ கிக், கோல், வெற்றி. பார்சிலோனாவில் அவரோடு ஆடிய புஸ்கெட்ஸும் ஜோர்டி ஆல்பாவும் வந்து சேர்ந்தார்கள். ஒரே மாதத்தில், எம்.எல்.எஸ். கிளப்புகளும் மெக்சிகோ கிளப்புகளும் மோதும் லீக்ஸ் கோப்பை கைக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் நாஷ்வில்லை பெனால்டியில் 10-9 என்று வென்றார்கள். அதைப் பார்த்துவிட்டு ஐரோப்பியக் கட்சி, "பார்த்தீர்களா, முப்பத்தாறு வயசுக்காரர் நடந்துகொண்டே ஆடி இந்த லீகைச் சுருட்டிவிட்டார்" என்று சிரித்தது.

ஆனால் அதே ஆண்டு லீக் ஆட்டங்களில் மயாமி, பருவ முடிவில் லீக் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபுக்குக்கூடத் தகுதி பெறவில்லை. மெஸ்ஸி காயத்தாலும் அர்ஜென்டினா ஆட்டங்களாலும் இடையிடையே இல்லாமல் போனார். அவர் இல்லாத மாலைகளில் மீதிப் பேர் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துவிட்டது. 2024-ல் 74 புள்ளி எடுத்து லீக் சாதனை படைத்தார்கள். பிளே-ஆஃபின் முதல் சுற்றில், தங்களைவிட 34 புள்ளி குறைவாக எடுத்து ஒன்பதாவது இடத்தில் வந்த அட்லாண்டாவிடம் தோற்று வெளியேறினார்கள். 2025 டிசம்பரில்தான், அதுவும் ரோட்ரிகோ டி பால் போன்றவர்கள் நடுக்களத்துக்கு வந்த பிறகுதான், வான்கூவரை 3-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கினார்கள். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கே பக்கத்தில் நல்ல துணை அமைய இரண்டரை ஆண்டு பிடித்திருக்கிறது.

ஏன் அவ்வளவு நாள்? விதிதான். 2025-ல் ஒரு கிளப்பின் அடிப்படைச் சம்பள வரம்பு ஏறக்குறைய 59.5 லட்சம் டாலர். இருபது பேர்வரை அதற்குள் அடங்க வேண்டும். டெசிக்னேட்டட் பிளேயர் என்று மூன்று பேர்வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு எவ்வளவு கோடி கொடுத்தாலும் 2025 வரம்புக் கணக்கில் ஆளுக்கு ஏழரை லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஏறியது. ஆட்டக்காரர் சங்கம் சம்பளப் பட்டியலை வெளியிடுகிறது. அதன்படி 2025-ல் மெஸ்ஸிக்கு உறுதி செய்யப்பட்ட ஆண்டு வருமானம் 2 கோடி டாலருக்கு மேல். இருபது பேருக்கான அடிப்படை வரம்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல் ஒரே ஆளுக்குப் போனது. வரம்பைத் தளர்த்த 'ஒதுக்கீட்டுப் பணம்' என்று லீகே அச்சடித்துக் கொடுக்கிற ஒரு தனி நாணயம் உண்டு. அதிலும் பொது, குறிக்கோள் என்று இரண்டு வகை. இதை முழுசாகப் புரிந்துகொண்ட ரசிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. கிளப் மேலாளர்களுக்குப் புரிந்தால் சரி.

விளைவு என்ன? பந்தியில் பாயசத்துக்கு முந்திரியும் குங்குமப்பூவும் அள்ளிப் போட்டுவிட்டு, சோற்றை அரை வேக்காட்டில் பரிமாறுகிற மாதிரி. கால்பந்தில் இது ரொம்பவே உறைக்கும். கூடைப்பந்தில் ஐந்து பேர்தான். ஒருவர் அசுரனாக இருந்தால் ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போய்விடுவார். இங்கே பதினோரு பேர். இடது பின்காப்பாளர் ஒரு நொடி தூங்கினால், முன்னால் நிற்கிற மகான் போட்ட இரண்டு கோலுக்கும் அர்த்தமில்லை.

இப்படி ஒரு விதியை யார் எழுதினார்கள், என்ன பைத்தியக்காரத்தனம் என்று கோபப்படலாம். எழுதியவர்களுக்குக் காரணம் இருந்தது. 1975-ல் பெலே, அன்றைய அமெரிக்க லீகான என்.ஏ.எஸ்.எல்.-இல் ஆடிய நியூ யார்க் காஸ்மோஸுக்கு வந்தார்; பிறகு பெக்கன்பாவர் வந்தார். 1977 ஆகஸ்டில், இதே நியூ ஜெர்சியில், ஈஸ்ட் ரதர்ஃபோர்ட் ஜயன்ட்ஸ் மைதானத்தில் 77,691 பேர் ஓர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். மற்ற முதலாளிகளும் காஸ்மோஸைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டார்கள். 1978-ல் 24 கிளப்புகள் இருந்த அந்த லீக், 1984 பருவத்தோடு மூடப்பட்டது. 1994 உலகக் கோப்பையை நடத்த அனுமதி கேட்டபோது, முதல்தர லீக் ஒன்றைத் தொடங்குவோம் என்று அமெரிக்கா வாக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிறந்த எம்.எல்.எஸ். 1996 ஏப்ரல் 6 அன்று சான் ஹோசேயில் முதல் ஆட்டத்தை ஆடியது. 88-வது நிமிடத்தில் எரிக் வினால்டா ஒரு கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றினார். சமநிலையில் முடிந்தால் முப்பத்தைந்து கெஜம் தள்ளி நின்று, ஐந்து நொடிக்குள் கோல்காப்பாளரைத் தாண்டிப் பந்தடிக்க வேண்டும் என்றொரு கூத்தும் இருந்தது. 1999-க்குப் பிறகு அதைத் தலைமுழுகினார்கள். நான் அதற்காக அழவில்லை.

காஸ்மோஸ் பயம் மட்டும் போகவில்லை. ஆட்டக்காரர்கள் கிளப்போடு ஒப்பந்தம் போடுவதில்லை, லீகோடு போடுகிறார்கள். கிளப் முதலாளிகள் எல்லோரும் ஒரே கம்பெனியின் பங்காளிகள். இது தொழிலாளிக்கு எதிரான கூட்டு என்று 1997-ல் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2002-ல் மேல்முறையீட்டிலும் லீக்தான் வென்றது. அதே 2002 ஜனவரியில் ஃப்ளோரிடாவின் இரண்டு கிளப்புகளையும் இழுத்து மூடினார்கள். மிஞ்சிய பத்தில் ஆறு கிளப்புகள் ஒரு கட்டத்தில் ஃபிலிப் ஆன்ஷுட்ஸ் என்ற ஒரே முதலாளியின் கையில் இருந்தன. அந்தக் கோடையில்தான் அமெரிக்க அணி போர்ச்சுகலையும் மெக்சிகோவையும் வென்று உலகக் கோப்பைக் காலிறுதிவரை போனது என்பது வேடிக்கை. ஆக, சிக்கனம் அன்றைக்கு உயிர் பிழைக்கும் வழி. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

2007-ல் பெக்கம் வந்தார். அவருக்காகத்தான் டெசிக்னேட்டட் பிளேயர் விதி பிறந்தது. லீகில் ஒரு புதிய கிளப்பை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையும் அவர் ஒப்பந்தத்தில் இருந்தது. அதுதான் இன்றைய இன்டர் மயாமி. 2025-ல் முப்பதாவது கிளப்பாகச் சேர்ந்த சான் டியாகோ கொடுத்த நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். இருபது மடங்கு! ஐம்பது கோடி கொடுத்து உள்ளே வர ஆள் இருக்கும்போது, பதினைந்தாவது ஆட்டக்காரருக்கு நல்ல சம்பளம் கொடுத்தால் லீக் கவிழ்ந்துவிடும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த சான் டியாகோவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் பருவத்திலேயே மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. 2023-ல் செயின்ட் லூயிஸும் பிறந்த வருடத்திலேயே அதைச் செய்தது. லீகின் ஆதரவாளர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்: இங்கே யாரும் வெல்லலாம், ஜெர்மனி மாதிரி ஒரே கிளப் ஏறக்குறைய வருடா வருடம் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. உண்மைதான், எனக்கும் அது பிடிக்கும். ஆனால் நேற்று முளைத்த கிளப் இன்று முதலிடம் என்றால், மற்ற கிளப்புகள் இருபது வருடமாகச் சேர்த்து வைத்தது என்ன என்ற கேள்வி வரத்தான் செய்யும். எல்லோரையும் ஒரே மட்டத்தில் வைக்கிறார்கள், சரி. அந்த மட்டத்தை இன்னும் கொஞ்சம் உயரத்தில் வைத்தால் என்ன?

ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் உண்மையான அளவுகோல் ஒன்று இருக்கிறது. மெக்சிகோ. வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கிளப்புகளுக்கான கான்ககாஃப் சாம்பியன்ஸ் கோப்பையில் இரு லீகின் கிளப்புகளும் வருடா வருடம் மோதுகின்றன. 2006 முதல் 2021 வரை அந்தக் கோப்பை மெக்சிகோவை விட்டு வெளியே போகவில்லை. 2011-ல் ரியல் சால்ட் லேக், 2015-ல் மாண்ட்ரியல், 2018-ல் டொரன்டோ, 2020-ல் எல்.ஏ.எஃப்.சி. என்று இறுதிவரை போய்த் தோற்றவர்கள் வரிசை நீளம். 2022-ல் சியாட்டில் மட்டும் மெக்சிகோவின் பூமாஸை வீழ்த்தி அந்தத் தொடரை உடைத்தது. அன்று அந்த மைதானத்தில் 68,741 பேர். இனி நம் காலம் என்று நினைத்தார்கள். அடுத்த மூன்று வருடமும் மறுபடி மெக்சிகோதான்: லியோன், பச்சூக்கா, க்ரூஸ் அஸூல்.

2025 ரொம்பத் தெளிவான பாடம். அரையிறுதியில் வான்கூவர் மெஸ்ஸியின் மயாமியை இரண்டு ஆட்டம் சேர்த்து 5-1 என்று துவைத்தது. அதே வான்கூவர் ஜூன் 1 அன்று மெக்சிகோ சிட்டியில் க்ரூஸ் அஸூலிடம் 5-0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. போட்டி பிப்ரவரியில் தொடங்குகிறது, அப்போது எங்கள் ஆட்டக்காரர்கள் பயிற்சியைத் தொடங்கியே சில வாரம்தான் ஆகியிருக்கும் என்பது நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். முதல் சுற்றுக்கு அது நியாயமான சமாதானம். ஜூன் மாதத்தில் செல்லாது. பிறகு வந்த கிளப் உலகக் கோப்பையும் இதையே காட்டியது. மயாமி போர்ட்டோவை 2-1 என்று வென்றது, ஐரோப்பியக் கிளப்பை அசலான போட்டியில் வென்ற நாள் அது, மெஸ்ஸியின் ஃப்ரீ கிக் வேறு. பாரிஸோடு மோதியபோது 4-0. சியாட்டில் மூன்று ஆட்டமும் தோல்வி. முதல் பதினோரு பேரை வைத்து ஒரு மாலை யாரோடும் மல்லுக்கு நிற்கலாம். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்று வரும்போது பெஞ்சில் இருப்பவர்கள்தான் கணக்கைத் தீர்க்கிறார்கள்.

ஓய்வூதிய லீக் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கிண்டல் பழசாகிவிட்டது. ஜெரார்டும் லாம்பார்டும் பிர்லோவும் வந்த காலத்தில் பொருந்தியது. (நம்மூர் ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியபோது டெல் பியரோவையும் மாட்டெராஸியையும் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். அதுவும் அப்போது தகுதியிறக்கம், அதாவது கடைசியில் வரும் கிளப்பைக் கீழ் லீகுக்கு அனுப்பும் முறை, இல்லாத மூடிய லீக்தான்.) இப்போது சரக்கு மறுபக்கமும் போகிறது. கானாவில் அகதி முகாமில் பிறந்த அல்ஃபோன்சோ டேவிஸ் வான்கூவர் அகாடமியில் வளர்ந்தார், பயர்னுக்குப் போனார், 2020-ல் ஐரோப்பிய சாம்பியன். அல்மிரோன் அட்லாண்டாவிலிருந்து நியூகாசிலுக்குப் போனார். டைலர் ஆடம்ஸ் நம் ரெட் புல்ஸ் வளர்த்த பிள்ளை. இங்கே சனிக்கிழமை காலை பிள்ளைகளை மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிற பெற்றோர் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறீர்கள். எம்.எல்.எஸ். அகாடமிகளில் பெரும்பாலும் பையன்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. இந்த லீக் செய்த ஆகப் பெரிய காரியம் எனக்கு அதுதான், பெக்கமோ மெஸ்ஸியோ இல்லை.

தேசிய அணியை வைத்து லீகை அடிப்பவர்களும் உண்டு. அப்போதைய தேசிய அணிப் பயிற்சியாளர் க்ளின்ஸ்மன், நல்ல ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவை விட்டு எம்.எல்.எஸ்.-க்குத் திரும்புவதை வெளிப்படையாகக் குறை சொன்னார். லீக் ஆணையர் டான் கார்பர் 2014-ல் பத்திரிகையாளர்களிடம் கொதித்தார். அப்புறம் 2017 அக்டோபரில் டிரினிடாடிடம் 2-1 என்று தோற்று அமெரிக்கா உலகக் கோப்பையையே தவறவிட்டபோது இரு கட்சிக்கும் தீனி கிடைத்தது. அமெரிக்காவின் ஒரே கோலைப் போட்டவர் ஜெர்மனியின் டார்ட்மண்டில் ஆடிய புலிசிக். சொந்த வலைக்குள் பந்தைத் தள்ளியவர் அப்போது மெக்சிகோ கிளப்பில் ஆடியவர். இதை வைத்து யார் எதை நிரூபிப்பது?

தகுதியிறக்கம் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகும் என்று சிலர் இங்கே கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். ஐம்பது கோடி கொடுத்தவர் கீழே இறங்கச் சம்மதிக்க மாட்டார். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

நடக்கக்கூடியதைப் பார்ப்போம். 2027 ஜூலையிலிருந்து ஐரோப்பா போலக் கோடையில் தொடங்கி வசந்தத்தில் முடியும் பருவத்துக்கு லீக் மாறுகிறது. பிப்ரவரிச் சாக்கு அத்தோடு தீரும். ஆட்டக்காரர் சங்கத்தோடு உள்ள தொழிலாளர் ஒப்பந்தமும் 2027 பருவம் வரைக்கும்தான். அடுத்த ஒப்பந்தத்துக்காக உட்காரும்போது, நான்காவது நட்சத்திரத்துக்கு இடம் கேட்கப் போகிறார்களா, இல்லை அந்த அடிப்படை வரம்பை மூன்று நான்கு மடங்காக்கி மீதிப் பேருக்குப் பிரிக்கப் போகிறார்களா என்று பாருங்கள். முதலாளிகள் முதலாவதைத்தான் விரும்புவார்கள் என்பது என் ஊகம். நட்சத்திரம் சட்டை விற்பார், இடது பின்காப்பாளர் விற்கமாட்டார். நம் ரெட் புல்ஸ் 2008-லும் 2024-லும் இறுதிவரை போய்க் கோப்பையை இழந்தது. ஹாரிசனில் உட்கார்ந்து அந்தக் கோப்பைக்காகக் காத்திருக்கிற நம்மவர்களுக்கு எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேள்விகளுக்கு நேரம் இருக்கிறது, மைக்கை முதல் வரிசைக்குக் கொடுங்கள்.