குழலுக்கு அடியில் இருக்கும் இரண்டு எழுத்து

[காட்சி: மேசை மீது ஒரு முகவாய்த் துப்பாக்கி. மரக்கட்டையில் கீறல்கள், குழலில் லேசான துரு.]

வணக்கம். குழலின் வாய் வழியாகக் கரிமருந்தையும் ஈயக் குண்டையும் போட்டு இடித்துச் சுடுகிற துப்பாக்கி இது. இந்த வகையைத் தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்பார்கள், ஈழத்தில் இடியன் துவக்கு என்பார்கள். பார்த்தால் அமெரிக்க உள்நாட்டுப் போரில் சுட்டது போலவே இருக்கிறது. ஆனால் இது இத்தாலியில் செய்தது, 1976-ல். அது எப்படித் தெரிந்தது, உடைந்த பாகத்துக்கு மாற்று எங்கே தேடுவது என்று பார்ப்போம்.

[காட்சி: இடிகோல் குழலுக்குள் இறங்குகிறது.]

முதலில் ஒரு சோதனை. இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். இடிகோலை அடிவரை விட்டு, குழல் வாய்க்கு நேராகக் கோலில் பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்து, அந்தக் கோட்டைக் குழல் வாயோடு ஒட்டி, குழலின் மேலேயே வைத்துப் பாருங்கள். கோலின் நுனி நிப்பிளுக்கு, அதாவது குழலின் பின்முனையில் வெடிக்கும் கேப்பை மாட்டுகிற துளையுள்ள சிறு முனைக்கு, பக்கத்தில் வர வேண்டும். ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. பல வருஷம் முன்பு யாரோ நிரப்பி மறந்த மருந்தாக இருக்கலாம், காய்ந்த கரிமருந்து இன்றைக்கும் வெடிக்கும். அப்படியே வைத்துவிட்டு விவரம் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

[காட்சி: மலைப் பள்ளத்தாக்கில் ஓர் ஊர்.]

சரி, வருஷத்துக்கு வருவோம். இத்தாலியில் பிரெஷா நகருக்கு வடக்கே வால் திரோம்பியா என்ற பள்ளத்தாக்கு. நூற்றாண்டுகளாகத் துப்பாக்கி செய்கிற ஊர்கள் அங்கே உண்டு. 1961 முதல் 1965 வரை அமெரிக்கா தன் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது பழைய துப்பாக்கிகளின் மீது பெரிய ஆசை பிறந்தது. அசல் துப்பாக்கியோ விலை அதிகம், சுடவும் மனசு வராது. அதனால் வால் திரோம்பியாவில் செய்த நகல்கள் கப்பல் கப்பலாகப் போயின. இன்று "தாத்தாவின் துப்பாக்கி" என்று வீடுகளில் எடுத்துக் காட்டுவதில் நிறைய இந்த நகல்கள்தான். இதில் ஏமாற்றம் வேண்டாம். அவற்றில் பல நல்ல வேலைப்பாடு, அவற்றுக்கும் இப்போது ஐம்பது, அறுபது வயசாகிவிட்டது.

அங்கே செய்யும் ஒவ்வொரு குழலையும் அதே பள்ளத்தாக்கில் கார்தோனே ஊரில் உள்ள சோதனைச் சாலையில் அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துவார்கள். பி.என். (PN) என்ற எழுத்து இருந்தால் கரிமருந்து மட்டும்தான் போடலாம், புகையில்லா மருந்து கூடாது என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருப்பதுதான் வருஷம்.

[காட்சி: குழலின் அடிப்பக்கம், பெட்டிக்குள் ஏ.பி. (AB) என்ற எழுத்து.]

1945-ஐ ஒன்று என்று வைத்து ரோமன் எண்ணில் தொடங்கினார்கள். இருபது என்றால் 1964. முப்பது என்றால் 1974. அதற்குப் பிறகு எழுத்து: ஏ.ஏ. (AA) என்றால் 1975, ஏ.பி. (AB) 1976. ஏ.இசட். (AZ) வரும்போது 1990, அடுத்து பி.ஏ. (BA) 1991. நடுவில் சில எழுத்துகளை விட்டுவிடுவார்கள், அதனால் விரல் விட்டு எண்ணாமல் அட்டவணையைப் பாருங்கள். முத்திரை சில சமயம் மரக்கட்டைக்குள் மறைந்திருக்கும், குழலைக் கழற்றினால்தான் தெரியும். இது சோதித்த வருஷம், விற்ற வருஷம் அல்ல.

இனி பாகங்கள். குழல் மேலே பெரிதாக எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் விற்றவருடையது, செய்தவருடையது இல்லை. லைமன் என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற கிரேட் பிளெய்ன்ஸ் துப்பாக்கியைச் செய்தது இத்தாலியின் இன்வெஸ்டார்ம்ஸ் நிறுவனம். அமெரிக்காவின் கபேலாஸ் கடை விற்ற ஹாக்கன் வகைத் துப்பாக்கியையும் அவர்களே செய்தார்கள். ஆகவே தேட வேண்டியது செய்தவரின் பெயரை. விற்றவர் பெயரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அலைகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அதிகம் மாற்ற வேண்டி வருவது நிப்பிள். தவறு நடப்பதும் இங்கேதான்.

[காட்சி: இரண்டு நிப்பிள்கள், பக்கத்தில் வெர்னியர் காலிபர்.]

இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்று கால் அங்குலம், அதாவது 6.35 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 மரை. அமெரிக்காவின் தாம்சன் சென்டர் ஹாக்கனில் வருவது இது. இன்னொன்று 6 மில்லிமீட்டர், மெட்ரிக் மரை. ஸ்பெயினில் செய்த பழைய துப்பாக்கிகளில் நிறைய இது. பெரியதைச் சின்னத் துளையில் முறுக்கினால் துளையின் மரை நாசம். சின்னதைப் பெரிய துளையில் போட்டால் இன்னும் மோசம், லொடலொடவென்று நிற்கும். சுடும்போது பின்னோக்கித் தெறிக்கும், சுடுகிறவர் முகம் அங்கேதான் இருக்கிறது. அதனால் விட்டத்தைக் காலிபரிலும் மரையைப் பிட்ச் கேஜ் என்ற மரை அளவியிலும் அளந்த பிறகே வாங்குங்கள்.

வாங்குகிற இடம்? டென்னசியில் 1954-லிருந்து இருக்கும் டிக்ஸி கன் ஒர்க்ஸ், மினசோட்டாவின் டிராக் ஆஃப் தி உல்ஃப் இரண்டும் இதற்கே பேர் போனவை. லாக், அதாவது சுத்தியலும் அதை விடுவிக்கும் பொறியும், முழுவதும் போய்விட்டதா? எல் அண்ட் ஆர் நிறுவனம் தாம்சன் சென்டர், லைமன் போன்றவற்றுக்கென்றே மாற்று லாக் செய்கிறது. ஆனாலும் மரத்தை அங்கங்கே கொஞ்சம் செதுக்க வேண்டி வரும், அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக.

அப்புறம், கழற்றிய பழைய நிப்பிளை வீசிவிடாதீர்கள். ஒரு சின்ன உறையில் போட்டு, அளவையும் துப்பாக்கியின் பெயரையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை கடைக்காரர் கேட்கும்போது காட்ட அதுதான் மாதிரி.