சர்வருக்கு பூட் டிரைவ் வாங்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். டர்பனில் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். கணக்காளர் அலுவலகம், கிளினிக், மசாலா மொத்த வியாபாரம் என்று பலதரப்பட்ட இடங்கள். சர்வர் வாங்க உட்கார்ந்தால் ப்ராசஸர், மெமரி பற்றியெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். பூட் டிரைவ், அதாவது சர்வரை எழுப்பும் விண்டோஸ் போன்ற மென்பொருள் இருக்கும் டிஸ்க், என்று வந்ததும், "அது விண்டோஸ் ஏற்றத்தானே, கடையில் கிடைக்கிற எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டுவிடுங்கள்" என்பார்கள்.

பூட் டிரைவில் கணக்கு வழக்கு எதுவும் இருக்காது, சரிதான். ஆனால் அது படுத்துவிட்டால் கணக்கு வழக்கெல்லாம் பக்கத்து டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் யாராலும் தொட முடியாது. திங்கட்கிழமை காலை மொத்த அலுவலகமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்த டிரைவை வாங்கும்போது பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பார்க்காதீர்கள். திடீரென்று கரண்ட் போனால் இது என்ன செய்யும் என்று கேளுங்கள். நம் ஊரில் முதல் கேள்வி அதுதான்.

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் டிஸ்க். அதன் உள்ளே எந்தத் தகவலும் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. டிரைவ் தானாகவே அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணையும் வைத்திருக்கும். அந்த அட்டவணையில் புதிதாக மாறிய பகுதி சிறிது நேரம் தற்காலிக மெமரியில் இருக்கும். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால், அப்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டுமல்ல, என்றோ எழுதி முடித்ததும் சேர்ந்து கெடலாம். சில டிரைவ்கள் திரும்ப எழுந்திருப்பதே இல்லை. ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகமும் எச்பி ஆய்வகமும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 15 எஸ்எஸ்டிகளுக்கு வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 டிரைவ்கள் ஏதாவது ஒரு வகையில் கோளாறு காட்டின.

சர்வருக்கென்றே செய்த டிரைவ்களில் இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பவர் லாஸ் புரொடெக்‌ஷன் என்று விவரத்தாளில் போட்டிருப்பார்கள். எம்.2 வகை, அதாவது மதர்போர்டில் நேராகச் செருகும் சின்னப் பட்டை போன்ற டிரைவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் ஓர் ஓரமாகச் சின்னச் சின்னக் கட்டிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவை கெபாசிட்டர்கள். கரண்ட் போனதும் அவற்றில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை வைத்து டிரைவ் கையிலிருப்பதை எழுதி முடித்துவிடும். இவற்றுக்கு இடம் வேண்டும் என்பதால்தான் சர்வர் எம்.2 டிரைவ்கள் பல 80 மில்லிமீட்டருக்குப் பதில் 110 மில்லிமீட்டர் நீளத்தில் வருகின்றன. உங்கள் மதர்போர்டில் அந்த நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். 80க்குள் அடங்குவதும் உண்டு: கிங்ஸ்டன் டிசி1000பி, மைக்ரான் 7450 போன்றவை. விளம்பரம் செய்யவில்லை, கடையில் கேட்க ஒரு பெயர் வேண்டுமே என்று சொல்கிறேன்.

"லோட் ஷெடிங்தான் குறைந்துவிட்டதே, யுபிஎஸ்ஸும் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கேபிள் திருட்டு நின்றுவிட்டதா? சப்ஸ்டேஷன் பழுது நின்றுவிட்டதா? 2023இல் ஆறாம் கட்ட லோட் ஷெடிங், அதாவது நாடு முழுவதும் முறை வைத்து 6,000 மெகாவாட் மின்வெட்டு நடந்த நாட்களில், யுபிஎஸ்ஸின் லெட் ஆசிட் பேட்டரிகள் பட்ட பாடு பலருக்குத் தெரியும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் முழுதாக சார்ஜ் ஏறவே நேரம் கிடைக்காது. அப்படித் தேய்ந்த பேட்டரி, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே கைவிடும். அந்த நொடியில் மிச்சமிருப்பது டிரைவில் உள்ள கெபாசிட்டர்தான்.

ஆயுளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு டிரைவை எத்தனை முறை முழுதாக எழுதலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். 480 ஜிபி டிரைவுக்கு நாளைக்கு ஒரு முறை, ஐந்து வருடம் என்றால் 876 டெராபைட். பூட் டிரைவில் தினமும் 20 ஜிபி லாக் எழுதினாலும் அதே ஐந்து வருடத்தில் 36.5 டெராபைட்தான். நாளைக்கு மூன்று முறை எழுதலாம் என்று சொல்லி விலை உயர்ந்ததை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்காக யுஎஸ்பி ஸ்டிக், எஸ்டி கார்டு என்று இறங்கியும் விடாதீர்கள். ஒரே சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்து ஓட்டும் ஈஎஸ்எக்ஸ்ஐ மென்பொருளைச் செய்யும் விஎம்வேர் நிறுவனம் முன்பு அதை ஏற்றுக்கொண்டது; அதுவே ஈஎஸ்எக்ஸ்ஐ 7 வந்த பிறகு பின்வாங்கிவிட்டது.

அப்புறம், ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு டிரைவ்களை ரெய்டு 1 முறையில், அதாவது ஒரே தகவலை இரண்டிலும் எழுதும்படி, ஜோடியாகப் போடுவோம். டெல் சர்வர்களில் இதற்கென்றே பாஸ் என்ற கார்டு வருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 2019 நவம்பரில் எச்பிஈ நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையை நினைவில் வையுங்கள். சர்வர்களில் போடும் சாஸ் வகையைச் சேர்ந்த அவர்களுடைய சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர், அதாவது டிரைவுக்குள்ளேயே ஓடும் மென்பொருள், கோளாறால் செத்துவிடும், உள்ளே இருந்த தகவலையும் மீட்க முடியாது. அதாவது 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு வகைக்கு 40,000 மணி நேரம் என்று அறிவித்தார்கள். ஒரே நாளில் சுவிட்ச் போட்ட ஜோடி ஒரே நாளில்தானே அந்த எண்ணைத் தொடும்? இரட்டைப் பிள்ளைகளுக்குச் சேர்ந்தே காய்ச்சல் வருகிற மாதிரி. ஆகவே முடிந்தால் இரண்டையும் வேறு வேறு கம்பெனியில் வாங்குங்கள். சர்வர் கம்பெனி தன் டிரைவைத்தான் போட வேண்டும் என்று அடம்பிடித்தால், ஃபர்ம்வேர் அப்டேட் செய்வது யார் பொறுப்பு என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் அந்த வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

டிரைவைப் போட்ட பிறகு மாதத்துக்கு ஒருமுறை அதன் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிரைவ் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, எடுத்துப் பாருங்கள். என்விஎம்ஈ என்ற வேகமான இணைப்பு வகை டிரைவ் என்றால் பர்சன்டேஜ் யூஸ்டு என்ற வரி தேய்மானத்தைச் சொல்லும். அன்சேஃப் ஷட்டவுன்ஸ் என்ற வரி, எத்தனை முறை சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது என்று சொல்லும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் டிரைவைக் குறை சொல்லாமல் யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய டிரைவை பேக்கப் என்று நினைத்து அலமாரியில் பூட்டி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிப் தொழிலுக்குத் தர அளவுகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி, குறிப்பிட்ட ஆயுள் முழுவதும் எழுதித் தேய்ந்த சர்வர் எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் தகவலைக் காத்தால் போதும். சாதாரண எஸ்எஸ்டிக்கு 30 டிகிரியில் ஒரு வருடம். டர்பன் பிப்ரவரியில் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம் எப்படிப் புழுங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் வேண்டியது ஏதாவது இருந்தால் இந்த வாரமே வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.