ஒரு ஒய்-க்கு மூன்று மணி நேரம்! ரிவிட்டில் டிரெயின் பைப் சரிவு

வணக்கம் மக்களே. மின்விசிறியை நிறுத்திவிட்டேன். போன வீடியோவில் காற்றுச் சத்தம்தான் கேட்கிறது, உங்கள் குரலைக் காணோம் என்று எல்லோரும் திட்டித் தீர்த்தீர்கள். அதனால் இன்றைக்கு வேர்க்க வேர்க்கத்தான் பேச்சு. டீ டம்ளர் வழக்கம் போலக் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கமென்ட் போட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டடத்தை முப்பரிமாண மாடலாக வரையும் ரிவிட் மென்பொருளில் டிரெயின் பைப்புக்குச் சரிவு கொடுப்பதுதான் இன்றைய பேச்சு. ஒரு அப்பார்ட்மென்ட் வேலை பாதியில் கைக்கு வந்தது என்று சொன்னேன் இல்லையா? முதலில் வேறு யாரோ வரைந்த மாடல். பேஸ்மென்ட் கார் பார்க்கிங் கூரைக்கு அடியில் 160 மிமீ டிரெயின் லைன், 24 மீட்டர் நீளம். பார்க்கிங்கில் 2400 மிமீ க்ளியர் உயரம் வேண்டும் என்பது ஓனர் தரப்பின் கண்டிப்பான பேச்சு. மாடலில் பைப்பின் அடி 2600-இல் நிற்கிறது. பார்க்க ஜம்மென்று இருக்கிறது.

போன வாரம் சைட்டிலிருந்து பிளம்பர் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். நூல் கட்டி மார்க் பண்ணியிருக்கிறார், சுவரோரம் டேப்பை நிறுத்திப் பிடித்திருக்கிறார். 236 சென்டிமீட்டர். கீழே ஒரே ஒரு வரி: "மேடம், 240 கேட்டாங்க, இது 236 தானே நிக்குது?"

மாடலைத் திறந்து அந்தப் பைப்பைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்லோப்: 0.00. பக்கத்தில் அழகான எழுத்தில் ஒரு டெக்ஸ்ட், "1:100 ஃபால்" என்று! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. தண்ணீர் என்ன, அந்த டெக்ஸ்டைப் படித்துவிட்டா ஓடும்? 24 மீட்டருக்கு 1:100 என்றால் 240 மிமீ இறங்க வேண்டும். 2600-இல் 240 போனால் 2360. பிளம்பர் அண்ணன் டேப்பில் பிடித்ததும் அதுதான். பைப்பைத் தட்டையாக வரைந்து சரிவை எழுத்தில் போடும் ஆட்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எதோடு எது மோதுகிறது என்று பார்க்கும் கிளாஷ் டிடெக்ஷன் ஓட்டினால் எல்லாம் பச்சை காட்டும், ஏனென்றால் பைப் நிஜமாகப் போகாத இடத்தைத்தான் அது சோதித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் என்ன செய்தேன்? லைனை நடுவில் உடைத்தேன். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் 12 மீட்டர் 12 மீட்டராக இறங்கி, இரண்டு பக்கச் சுவரையும் துளைத்து வெளியே போகிறது. 120 மிமீதான் இறக்கம். சுவரோரம் பைப்பின் அடி 2480. கிளாம்ப் போடவும் இடம் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடித்ததும் நான் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றினேன், பொய் சொல்லவில்லை.

இதை வரையும் முறையைக் கவனியுங்கள். கீபோர்டில் பி ஐ அடித்துப் பைப் எடுத்ததும் நேராக மேட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பள்ளத்தில், அதாவது தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில் முதல் கிளிக். ஸ்லோப் அப் போட்டு மேலே ஏறுங்கள். வெளியேறும் உயரம்தான் நம் கையில் இல்லாதது, அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். இன்னொன்று: மேலே கேட்கும் மிடில் எலிவேஷன் பைப்பின் நடு, அடி அல்ல. நான் அவசரத்தில் 2480 அடித்துவிட்டேன். 160 பைப்புக்கு அதில் பாதி 80 சேர்த்து 2560 அடிக்க வேண்டும். செக்ஷனில், அதாவது வெட்டுத் தோற்றத்தில், பைப் 80 மிமீ கீழே தொங்குவதைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. செக்ஷன் வெட்டாமல் டிரெயின் வரைகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால் எம் எஸ் அடித்து மெக்கானிக்கல் செட்டிங்ஸ் போங்கள். அங்கே ஸ்லோப்ஸ் பட்டியலில் நமக்கு வேண்டிய சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வரையும்போது தேர்ந்தெடுக்க வராது. ஆங்கிள்ஸ் பக்கமும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு, 45, 90 மாதிரிக் கடையில் கிடைக்கும் பெண்டுக்கு, அதாவது வளைவு ஃபிட்டிங்குக்கு, உரிய கோணங்களை மட்டும் டிக் பண்ணி வையுங்கள். இல்லையென்றால் 37 டிகிரி பெண்ட் ஒன்றைச் சந்தோஷமாக வரைந்து கொடுத்துவிடும். அதைக் கடையில் கேட்டால் சிரிப்பார்கள்.

பைப் அளவு பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ரிவிட் டெம்ப்ளேட்டோடு வரும் பிவிசி டிடபிள்யூவி என்ற கழிவுநீர்ப் பைப் டைப் அமெரிக்க அளவு. அதில் 4 இன்ச் பைப்பின் வெளிவிட்டம் 114.3 மிமீ. நம் ஊரில் ஐஎஸ் 13592 என்ற இந்தியத் தரநிலைப்படி வரும் எஸ்டபிள்யூஆர் கழிவுநீர்ப் பைப்பில் 110 என்பதே வெளிவிட்டம். டைப் பி என்றால் சுவர் 3.2 மிமீ, உள்விட்டம் 103.6. ரிவிட்டில் செக்மென்ட் என்கிற பைப் அளவுப் பட்டியல் ஒன்றைப் புதிதாக உருவாக்கி இந்த எண்களைப் போட்டுவிடுங்கள். நாலு மிமீதானே என்று விட்டால் ஸ்லீவ், கிளாம்ப், ஷாஃப்ட் எல்லாவற்றிலும் அந்த நாலு மிமீ வந்து நிற்கும்.

இப்போது ஒய் கதை. மெயினோடு டாய்லெட் கிளைகளைச் சேர்க்க 160-க்கு 110 ஒய் வேண்டும், அதாவது கிளை சாய்வாக வந்து சேரும் Y வடிவ ஃபிட்டிங். கிளை நேராக வந்து இடிக்கும் டீ ஃபிட்டிங் போட்டால் எனக்குத் தூக்கம் வராது, உங்களுக்குத் தெரியும். ஒரு இணையதளத்தில் நம் ஊர் ஃபிட்டிங் ஃபேமிலிகள், அதாவது ரிவிட்டில் ஏற்றும் ஃபிட்டிங் மாடல்கள், ஒரு பொட்டலமாக விற்றார்கள். 1,499 ரூபாய். பரவாயில்லை என்று கார்ட்டில் போட்டேன். கடைசிப் பக்கத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம், 269 ரூபாய் 82 காசு! மொத்தம் 1,768 ரூபாய் 82 காசு. அந்த 82 காசு எனக்கு இன்னும் உறுத்துகிறது. அந்தக் காசுக்குக் கடையில் நிஜ ஒய்-யே வாங்கி மேஜையில் அடுக்கியிருக்கலாம்.

எந்த இடத்துக்கு எந்த ஃபிட்டிங் என்று சொல்லும் ரூட்டிங் பிரிஃபரென்ஸில் ஜங்ஷன் இடத்தில் அந்த ஒய்-யை ஏற்றிவிட்டுக் கிளையை வரைந்தேன். வந்தது பாருங்கள், 160 பைப் நடுவில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு உருண்டை. அதன் வயிற்றுக்குள் கிளை புதைந்து கிடக்கிறது. அழித்தேன், வரைந்தேன், அழித்தேன். சரிவை எடுத்துவிட்டும் பார்த்தேன். அதே எலுமிச்சம்பழம். ரிவிட்டை நாலு வார்த்தை திட்டினேன். பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

மூன்று மணி நேரம் கழித்து ஃபேமிலியைத் திறந்து, அளவுகள் எழுதியிருக்கும் லுக்அப் டேபிளை சிஎஸ்வி கோப்பாக எக்ஸ்போர்ட் பண்ணிப் பார்த்தால், 160-க்கு 100 என்று ஒரு வரிசை இருக்கிறது. 160-க்கு 110 என்ற வரிசையே இல்லை! வரிசை கிடைக்காவிட்டால் சைஸ் லுக்அப் ஃபார்முலா அதில் மூன்றாவதாக எழுதி வைத்திருக்கும் டீஃபால்ட் எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். இதில் எழுதியிருந்தது ஏதோ சின்ன பைப்பின் நீளம். அதனால்தான் பழம். நம் ஊர் ஃபிட்டிங் என்று விற்றுவிட்டு, நம் ஊரில் எல்லா வீட்டிலும் ஓடும் 110-ஐ விட்டிருக்கிறார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு டாய்லெட் வரைந்தால் போதுமே?

கேட்டலாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நீளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு வரிசை சேர்த்தேன். சிஎஸ்வி-யின் முதல் வரியில் முதல் கட்டம் காலியாக இருக்கும், மற்ற தலைப்புகளில் ஹாஷ் ஹாஷ் லெங்த் ஹாஷ் ஹாஷ் மில்லிமீட்டர்ஸ் என்று ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். அந்த வரியில் கை வைக்காதீர்கள். திரும்ப இம்போர்ட் பண்ணி, ஃபேமிலியை ப்ராஜெக்ட்டில் ஏற்றி, கிளையை வரைந்தேன். டக்கென்று ஒய் உட்கார்ந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "குழாயா?" என்று கேட்டார்.

இன்னொன்று சொல்ல மறந்தேன், கிளை மெயினோடு ஒட்டாமல் சில மிமீ தள்ளி நிற்கிறதா? இன்ஹெரிட் எலிவேஷனை ஆன் பண்ணிவிட்டு, மெயினைத் தொட்டு அங்கிருந்து கிளையை வெளியே ஏற்றுங்கள். சரிவான பைப்பில் இடத்துக்கு இடம் உயரம் மாறும். தொட்ட இடத்தின் உயரத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் கால்குலேட்டரைத் தேட வேண்டாம். ஒய்-யின் கை வழியாக வரும் தண்ணீர் மெயினில் ஓடும் திசையிலேயே போய்ச் சேருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபிட்டிங்கைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறியால் திருப்புங்கள்.

புது செக்ஷனைப் பிடிஎஃப் போட்டு பிளம்பர் அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு பக்கமும் 2480, சரிவோடு வரைந்த பைப், டெக்ஸ்ட் இல்லை. ஒரு கட்டைவிரல் வந்தது. அதற்கு மேல் கொஞ்ச நேரம் டைப்பிங் டைப்பிங் என்றே காட்டியது. அப்புறம் வந்தது இது: "சூப்பர் மேடம். வெளிய தண்ணி போய்ச் சேர இன்னொரு சேம்பர் கட்டணுமே, அது யார் கணக்குல?"