வெறுங்காலோடு நடக்கிற கரை

(தரங்கம்பாடிப் பக்கத்துக் கடலோரக் கிராமம் ஒன்றில், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு வந்திருந்த கல்லூரி மாணவர்களிடம் பேசியது.)

தம்பிகளே, தங்கச்சிகளே, உட்காருங்கள். மைக் காலையிலிருந்து இருமிக்கொண்டிருக்கிறது, நான் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

மதுவின் தீமைகள் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் நீங்களே ஆறாம் வகுப்பில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். அதை விட்டுவிடுவோம். நான் இந்தக் கரையில் பிறந்தவன், கரைவலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை. இங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

கடலோரத்துக்குக் குடி புதிதில்லை. வடக்கே இருக்கிற பூம்புகாரைப் பாடும் பட்டினப்பாலையில், பௌர்ணமியன்று பரதவர் கடலுக்குப் போகாமல், சுறாக்கொம்பை நட்டுச் சாமி கும்பிட்டு, தாழம்பூ சூடி, பனங்கள் குடித்து, தங்கள் பெண்களோடு விளையாடியதாக வருகிறது. கடலுக்குப் போகாத நாள் அது, வீட்டு ஆட்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இதைச் சொன்னதால் நான் கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று உங்கள் சாரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள், அடுத்த முகாமுக்குக் கூப்பிட மாட்டார்.

இப்போது நடப்பது வேறு. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. நண்டலாறு தாண்டினால் காரைக்கால், அங்கே புதுச்சேரிச் சட்டம், 18 போதும். விலையும் குறைவு. தெற்கே நாகூர்க்காரர்கள் வடக்கே எல்லை தாண்டினால் வாஞ்சூர், அங்கேயும் இதே கதைதான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வண்டிக்கு மூன்று பேராகப் போகிறார்கள். வாங்கிக்கொண்டு நேராக எங்கள் கரைக்கு வந்து, ஏற்றி வைத்த படகுகளின் மறைவில் உட்கார்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒருத்தன் குடிக்காதவனாக இருப்பான். “சும்மா கம்பெனி குடு மச்சி” என்று கூட்டி வந்திருப்பார்கள். கடலையும் மாங்காயும் பிளாஸ்டிக் கிளாசும் வாங்கி வருவது அவன் வேலை. முதல் மாதம் சைடிஷோடு நின்றுவிடுவான். அப்புறம் எவனுக்காவது பிறந்தநாள் வரும். “இன்னிக்கு ஒரு நாள்டா, பீர்தானே” என்பார்கள். முதல் கிளாசுக்கு யாரும் காசு கேட்பதில்லை. எனக்கு அந்தப் பையன்மேல்தான் கண். இன்றைக்கு அவனிடம் பேசத்தான் வந்தேன்.

தம்பி, அந்த ‘பீர்தானே’ கணக்கைப் போட்டுப் பார். பாட்டில் 650 மில்லி. ஸ்ட்ராங் என்றால் ஆல்கஹால் 8 சதவீதம் வரை இருக்கும், அதாவது 52 மில்லி. குவார்ட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதம், சுமார் 77 மில்லி. இரண்டு பீர் முடித்தவன் ஒரு குவார்ட்டரைத் தாண்டியாயிற்று. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 10 மில்லிதான் கரைக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் கடைசி வாய் என்றால், விடிகிற வரைக்கும் ரத்தத்தில் மிச்சம் இருக்கும். மோரோ எலுமிச்சைச் சாறோ தலைக்கு ஊற்றும் தண்ணீரோ அதைச் சீக்கிரம் இறக்காது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்து வண்டி ஓட்டினால், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் மடக்கினால் உனக்கு நல்ல காலம் என்பேன். மடக்காத ராத்திரிகளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

இன்னொன்று. குடித்தவன் வாந்தி எடுத்து, கூப்பிட்டும் முழிக்காமல் கிடந்தால், “தூங்கட்டும் விடுடா” என்று மல்லாக்கப் போட்டுவிட்டுப் போகாதே. வாந்தி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐக் கூப்பிடு. வீட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும். கடலில் முக்கி எழுப்பினால் தெளியும் என்று எவனாவது சொன்னால் அவனையும் பிடித்து உட்கார வை. இடுப்பளவுத் தண்ணீர் என்று நிற்பாய், அடுத்த அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். தெளிவாக இருப்பவனுக்கே அங்கே கால் நிற்காது.

சரி, என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கரைவலை இழுக்கிறவர்கள் செருப்பு போட மாட்டார்கள். குதிகாலை மணலில் ஊன்றி, பின்பக்கமாகவே நடந்து இழுக்க வேண்டும். போன வருஷம் என் சித்தப்பா அப்படி நடக்கையில், உடைந்த பீர் பாட்டிலின் அடிப்பாகம், வட்டமாக மேலே பார்த்துக்கொண்டு மணலில் புதைந்து கிடந்தது, அவர் குதிகாலில் இறங்கிவிட்டது. ஏழு தையல். நாற்பது நாள் வலைப்பக்கம் போகவில்லை. அவருடைய பங்கு அவ்வளவு நாளும் வீட்டுக்கு வரவில்லை, சித்திதான் கூடை தூக்கினாள். உடைத்தவன் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கெட்ட பையனாக இருப்பான் என்றும் நான் நினைக்கவில்லை. பாட்டிலைப் படகின் முன்முனையான அணியத்தில் அடித்தால் எப்படிச் சத்தம் வரும் என்று பார்க்க ஆசைப்பட்டிருப்பான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உரச்சாக்கோடு கரைக்குப் போகிறோம், கண்ணாடி பொறுக்க. நீங்கள் எல்லாரும் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு வாருங்கள். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அவர் வெறுங்காலோடுதான் வருவார்.