ஃபிராங்கோ பரேசி: அவர் கையைத் தூக்கினால் கொடி உயரும்

[திரையில்: சிவப்பு கறுப்புக் கோடு போட்ட மிலான் ஜெர்சி, முதுகில் எண் 6]

வணக்கம். கால்பந்தில் டிஃபெண்டர் என்றதும் நம் மனதில் ஓர் உருவம் வரும். ஆறடிக்கு மேல் உயரம், அகன்ற தோள், மேலே வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளும் ஆள். ஃபிராங்கோ பரேசியின் உயரம் 176 சென்டிமீட்டர்தான். ஆளும் ஒல்லி. அந்த உடம்போடு இத்தாலியின் ஏசி மிலான் அணிக்கு 20 சீசன்களில் 719 ஆட்டங்கள் ஆடினார். 15 சீசன்கள் கேப்டனாக இருந்தார். ஆறு இத்தாலிய லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள். அவர் ஓய்வு பெற்ற பிறகு மிலானில் வேறு யாருக்கும் 6-ஆம் எண் ஜெர்சியைத் தரவே இல்லை.

கோப்பைப் பட்டியல் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். இந்த வீடியோவில் நான் பேச நினைப்பது வேறு: இந்தச் சின்ன ஆள் எப்படித்தான் தடுத்தார்? என்னைக் கேட்டால், எதிராளி பந்தை உதைப்பதற்கு அரை நொடி முன்பே பரேசி முடிவெடுத்துவிடுவார். அந்த அரை நொடியில்தான் அவருடைய ஆட்டம் முழுக்க இருக்கிறது.

[திரையில்: வட இத்தாலி வரைபடம், பிரெஷா பகுதி]

1960 மே 8-ஆம் தேதி, பிரெஷா மாகாணத்தில் டிராவலியாட்டோ என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பதின்வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். அண்ணன் ஜுசெப்பே மிலான் நகரத்தின் இன்னொரு பெரிய அணியான இன்டரில் சேர்ந்துவிட்டார். தம்பியும் அங்கே தேர்வுக்குப் போனார். உடம்பு பத்தாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அதே நகரத்தின் ஏசி மிலான் அவரை எடுத்துக்கொண்டது. அங்கே அவருக்கு வைத்த செல்லப்பெயர் ‘பிஷினின்’. மிலான் வட்டார வழக்கில் ‘பொடியன்’.

பிற்காலத்தில் அண்ணன் இன்டரின் கேப்டன், தம்பி மிலானின் கேப்டன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மிலான் டெர்பியில், அதாவது ஒரே நகரத்தின் இரு அணிகள் மோதும் ஆட்டத்தில், எதிரெதிர் அணிகளுக்குத் தலைமை தாங்கினார்கள்.

1978 ஏப்ரலில், 17 வயதில், வெரோனாவுக்கு எதிராக முதல் லீக் ஆட்டம். பயிற்சியாளர் ஸ்வீடன்காரர் நில்ஸ் லீட்ஹோம். அடுத்த சீசனிலேயே பரேசி நிரந்தர ஆட்டக்காரர் ஆனார், மிலான் தன் பத்தாவது பட்டத்தை வென்றது. அணியின் பெரிய நட்சத்திரம் ஜியானி ரிவேரா ஓய்வு பெற்றதும் அதே சீசனோடுதான்.

உடனே சரிவு வந்தது. 1980-இல் வெளிவந்த ஆட்டச் சூதாட்ட ஊழலில் சிக்கிய மிலானை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கினார்கள். ஒரு வருடத்தில் மேலே வந்தார்கள். 1982-இல் மறுபடியும் இறங்கினார்கள், இந்த முறை மோசமாக ஆடியதால். நடுவில் பரேசிக்கு ரத்தம் சம்பந்தப்பட்ட ஒரு நோய் வந்து சில மாதங்கள் ஆட முடியாமல் போனது. இன்றைக்கு ஓர் அணி கீழே இறங்கினால் அதன் சிறந்த இளைஞர்கள் மறுநாளே பெட்டியைக் கட்டுவார்கள். பரேசி இரண்டு முறையும் போகவில்லை. 22 வயதில் கேப்டன் பட்டையை அவர் கையில் கட்டினார்கள். இரண்டாம் டிவிஷனிலிருந்து அணியை மேலே கொண்டுவந்த அந்த வருடங்கள் அவருடைய கோப்பைகளுக்கு எந்த வகையிலும் குறைந்தவை இல்லை என்பது என் கருத்து.

தேசிய அணியிலும் காத்திருப்புதான். 1982-இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது பரேசி அணிப் பட்டியலில் இருந்தார், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அவருடைய இடத்தில் கயேட்டானோ ஷிரேயா இருந்தார். ஷிரேயா இருக்கும்போது வேறு யாருக்கும் அந்த இடம் கிடைக்காது, அது நியாயமும்கூட. 1986-இல் நடந்தது இன்னும் கசப்பு. பயிற்சியாளர் பெயார்சோட் அண்ணன் ஜுசெப்பேயைக் கூட்டிக்கொண்டு போனார், தம்பியை வீட்டில் விட்டுவிட்டார்.

[திரையில்: மைதான வரைபடம். மூன்று டிஃபெண்டர்கள், அவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு புள்ளி]

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இத்தாலியில் அதுவரை தடுப்பு என்றால் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்வது. எதிரணி முன்கள வீரர் தண்ணீர் குடிக்கப் போனாலும் பின்னாலேயே போக வேண்டும். அப்படி ஒட்டுபவர்களுக்குப் பின்னால், யாரையும் ஒட்டாமல் ஒருவர் நிற்பார். அவர்தான் லிபெரோ. முன்னால் யாராவது கோட்டை விட்டால் இவர் போய்த் துடைப்பார். பரேசி வளர்ந்தது அந்த லிபெரோவாக.

1986-இல் சில்வியோ பெர்லுஸ்கோனி மிலானை வாங்கினார். 1987-இல் அரிகோ சாக்கி என்ற பயிற்சியாளரைக் கொண்டுவந்தார். தொழில்முறை ஆட்டக்காரராக ஒரு நாளும் இருந்திராத மனிதர். அவர் அந்தத் தனிப்புள்ளியை எடுத்து மற்றவர்களோடு ஒரே கோட்டில் வைத்துவிட்டார்.

[திரையில்: அந்தப் புள்ளி முன்னேறி வரிசையில் சேர்கிறது. வரிசை மொத்தமும் நடுக்கோட்டை நோக்கி நகர்கிறது]

வலப்பக்கம் டசோட்டி, நடுவில் கோஸ்டகுர்டாவும் பரேசியும், இடப்பக்கம் மால்தீனி. இந்த நால்வரும் கோலிலிருந்து வெகுதூரம் மேலே ஏறி நிற்பார்கள். கடைசி டிஃபெண்டருக்கும் முன்கள வீரருக்கும் இடையே 25, 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது சாக்கியின் கணக்கு. அந்தக் குறுகிய பட்டைக்குள் பந்தோடு நுழைபவருக்கு மூச்சுவிட இடமிருக்காது. ஆனால் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கிறதே, தலைக்கு மேலே ஒரு நீண்ட பந்து போட்டால்?

அங்கேதான் ஆஃப்சைடு. பந்து உதைபடும் அந்தக் கணத்தில் தாக்குபவருக்கும் கோல் எல்லைக்கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் இருவராவது இருக்க வேண்டும். பொதுவாக ஒருவர் கோல்கீப்பர், இன்னொருவர் கடைசி டிஃபெண்டர். இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். 1990 வரைக்கும், கடைசி டிஃபெண்டருக்குச் சமமாக நின்றாலும் ஆஃப்சைடுதான். அதாவது, பந்து உதைபடுவதற்குச் சற்று முன் நால்வரும் சேர்ந்து ஓர் எட்டு முன்னே வைத்தால் போதும், எதிரணி முன்கள வீரர் மாட்டிக்கொள்வார்.

கபடியில் கைகோத்து நிற்கும் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் ரெய்டர் நழுவிப் போய்விடுவார். இங்கேயும் அப்படித்தான். எப்போது அடியெடுத்து வைப்பது என்பதை ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் பரேசி.

எதை வைத்துச் சொல்வார்? பந்து வைத்திருப்பவரின் உடம்பை வைத்து. அவர் நம் கோலுக்கு முதுகைக் காட்டினாலோ, அழுத்தத்தில் தலையைக் குனிந்தாலோ, பந்தைப் பின்னால் தட்டினாலோ, அவரால் இப்போது நீண்ட பந்து போட முடியாது. அப்போது வரிசை மேலே ஏறலாம். அதே ஆள் தடையில்லாமல், தலை நிமிர்ந்து, காலை ஓங்கத் தயாராக இருந்தால் ஏறக்கூடாது, பின்வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கண் இமைக்கும் நேரம்தான். தப்பாகக் கணித்தால் எதிராளி தனியாகக் கோல்கீப்பரிடம் போய்விடுவார். அன்றைக்கு வீடியோ ரெஃப்ரி கிடையாது, கோட்டோரம் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேனின் கண் மட்டும்தான். பரேசி அடியெடுத்து வைத்த கையோடு ஒரு கையை மேலே தூக்குவார். பழைய ஆட்டங்களைப் பார்த்தால் அந்தக் கை உயர்வதும் கொடி உயர்வதும் திரும்பத் திரும்ப வரும்.

சாக்கி பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரூட் குல்லிட், மார்கோ வான் பாஸ்டன் போன்ற மேதைகளுக்கு இந்த ஒழுங்கின் மேல் முழு நம்பிக்கை இல்லை. சாக்கி ஒரு பந்தயம் வைத்தார். ஒரு பக்கம் கோல்கீப்பர் கல்லி, டசோட்டி, கோஸ்டகுர்டா, பரேசி, மால்தீனி என ஐந்தே பேர். எதிரே குல்லிட், வான் பாஸ்டன், ரைகார்ட் உட்பட பத்துப் பேர். பதினைந்து நிமிடம். ஐவரும் பந்தைப் பறித்தால் பத்துப் பேரும் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு கோல்கூட விழவில்லை. பலமுறை ஆடியும் விழவில்லை என்கிறார் சாக்கி.

[திரையில்: 1987-88 லீக் பட்டியல், கடைசிப் பத்தி பெரிதாகிறது]

முதல் சீசனிலேயே பட்டம். 30 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் வெறும் 14. மரடோனாவின் நாப்போலி இரண்டாம் இடம். 1989 ஏப்ரலில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை சொந்த மைதானமான சான் சீரோவில் 5-0 என்று துவைத்தார்கள். இறுதியில் ஸ்டெயாவா புகாரெஸ்டை 4-0. அடுத்த வருடம் வியன்னாவில் பென்ஃபிகாவை வென்று மீண்டும் கோப்பை. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலன் டோர் விருதில், 1989-க்கு, முதல் மூன்று இடமும் மிலானுக்கே வந்தன: வான் பாஸ்டன், பரேசி, ரைகார்ட். பெரும்பாலும் கோல் போடுபவர்களுக்கே போகும் ஒரு விருதில் தடுப்பவர் ஒருவர் இரண்டாவது வந்தார்.

அவரை வெறும் தடுப்பாளர் என்று நினைத்துவிட வேண்டாம். பந்தைப் பறித்ததும் தலையை நிமிர்த்திக்கொண்டு தானே நடுக்களத்துக்கு எடுத்துப் போவார். சட்டை வெளியே தொங்கும், காலுறை இறங்கிக் கிடக்கும். பழைய லிபெரோவின் துணிச்சலும் சாக்கியின் ஒழுங்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன.

சாக்கிக்குப் பின் பயிற்சியாளராக ஃபாபியோ கபெல்லோ வந்த பிறகும் இதே கதைதான். 1991-92 சீசனில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. தோல்வியில்லாத அந்தத் தொடர் 58 ஆட்டங்கள் நீண்டு, 1993 மார்ச்சில் பார்மாவின் ஆஸ்பிரில்யா போட்ட ஒரு ஃப்ரீ கிக்கில்தான் முடிந்தது. 1993-94 இன்னும் விசித்திரம். 34 ஆட்டங்களில் மிலான் போட்டது 36 கோல்கள்தான், ஆனாலும் சாம்பியன். ஏனென்றால் வாங்கியது 15 மட்டுமே. அந்த மே மாதம் ஏதென்ஸ் இறுதியில் பார்சிலோனாவை 4-0 என்று வென்றபோது பரேசி தடை காரணமாக ஆடவில்லை. கோஸ்டகுர்டாவும்தான்.

[திரையில்: 1994, அமெரிக்கா]

அந்தக் கோடையில் நடந்ததைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். உலகக் கோப்பை. சாக்கி இப்போது தேசிய அணிப் பயிற்சியாளர், பரேசி கேப்டன், வயது 34. முதல் ஆட்டத்தில் அயர்லாந்திடம் தோல்வி. ஜூன் 23, இரண்டாவது ஆட்டம், நார்வே. கோல்கீப்பர் பல்யூகாவுக்குச் சிவப்பு அட்டை. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் பரேசியின் முழங்காலில் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்தது. வெளியே போனார். நியூயார்க்கில் அறுவை சிகிச்சை. அவருடைய உலகக் கோப்பை அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இத்தாலி தட்டுத் தடுமாறி ராபெர்ட்டோ பஜ்ஜோவின் கோல்களால் இறுதிக்கு வந்தது. தடுப்பு வரிசை சிதைந்திருந்தது. டசோட்டிக்கு நீண்ட தடை. கோஸ்டகுர்டா இரண்டு மஞ்சள் அட்டைகளால் இறுதியை இழந்தார். ஜூலை 17. காயம்பட்டு 24 நாட்கள். கேப்டன் பட்டையோடு பரேசி களத்துக்கு வந்தார்.

பாசடீனாவின் ரோஸ் பவுல் அரங்கம், 94,000-க்கும் மேல் கூட்டம். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காகப் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஆட்டம். உச்சிவெயில். எதிரே பிரேசில், ரொமாரியோ, பெபெட்டோ. அதுவரை ஆறு ஆட்டங்களில் 11 கோல்கள், அதில் எட்டு இவர்கள் இருவருடையது. பரேசியின் பக்கத்தில் இடப்பக்கத்திலிருந்து நடுவுக்கு மாற்றப்பட்ட மால்தீனி. முதல் பாதியிலேயே வலப்பக்க முசி காயமடைந்து போக, அப்பொல்லோனி உள்ளே வந்தார். வரிசையை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது.

அந்த ஆட்டத்தைப் பந்தை விட்டுவிட்டு பரேசியை மட்டும் பாருங்கள். ரொமாரியோவுக்குப் போகும் பந்து அவர் காலுக்கு வருவதற்கு முன்பே பரேசி குறுக்கே வந்துவிடுகிறார். பெபெட்டோ திரும்புவதற்குள் சறுக்கி எடுத்துவிடுகிறார். எடுத்த பந்தை எங்கேயோ உதைத்துத் தள்ளாமல் தன் ஆளுக்கே கொடுக்கிறார். பிரேசிலுக்கு வாய்ப்பே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பல்யூகாவின் கையிலிருந்து நழுவிய பந்து கம்பத்தில் பட்டது, அவர் கம்பத்துக்கு முத்தம் கொடுத்தார். கூடுதல் நேரத்தில் ரொமாரியோ மிக அருகிலிருந்து தவறவிட்டார். ஆனாலும் 120 நிமிடம், 0-0. முழங்கால் அறுவை முடிந்து நாலு வாரம்கூட ஆகாத ஒருவர் கடைசியில் காலில் தசைப்பிடிப்போடு நின்றார்.

பிறகு பெனால்ட்டி. முதல் உதை பரேசியுடையது. பந்து கம்பத்துக்கு மேலே போனது. பிரேசிலின் மார்சியோ சான்டோஸின் உதையைப் பல்யூகா தடுத்தார். இத்தாலியின் மசாரோவின் உதையைப் பிரேசில் கோல்கீப்பர் டஃபரெல் தடுத்தார். கடைசியாக பஜ்ஜோவும் மேலே அடிக்க, 3-2 என்று பிரேசில் வென்றது. பரேசி அழுதார்.

அந்த இறுதி என்றதும் எல்லோருக்கும் பஜ்ஜோவின் உதைதான் நினைவுக்கு வருகிறது, அடுத்ததாகப் பரேசியின் உதை. அதற்கு முன் நடந்த இரண்டு மணி நேரத்தை யாரும் காட்டுவதில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. பலம் குறைந்த ஒரு காலோடு, உலகத்தின் மிகச் சிறந்த தாக்குதல் ஜோடியை, முன்கூட்டியே படித்துப் படித்து நிறுத்திய ஆட்டம் அது. டிஃபெண்டராக விரும்பும் பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

இன்னொரு பெனால்ட்டியையும் சொல்லிவிடுகிறேன். 1990-இல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில், நேப்பிள்ஸில், அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்ட்டி உதைகளில் பரேசி தன் உதையைக் கோலாக்கினார். இத்தாலி அன்றும் தோற்றது.

1996-இல் ஆறாவது லீக் பட்டம், 1997-இல் ஓய்வு. இத்தாலிக்காக 81 ஆட்டங்கள், 1 கோல். 2020-இல் மிலான் அவரைக் கௌரவத் துணைத் தலைவராக்கியது.

[திரையில்: இரண்டு ஆட்டங்களின் பெயர்கள்]

நேரமிருந்தால் இரண்டு ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள், ஹைலைட்ஸ் போதாது, முழு ஆட்டம். 1989 ஏப்ரல், மிலான் ரியல் மாட்ரிட். 1994 ஜூலை, இத்தாலி பிரேசில். முதலாவதில் வரிசை எப்போது ஏறுகிறது என்று பாருங்கள், இரண்டாவதில் பந்து வருவதற்கு முன் பரேசி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பாருங்கள். பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள், பேசுவோம்.