ஒரே தேதியில் காவடியும் விடுதலையும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று 2026 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. வீட்டுச் சுவரில் காலண்டர் இருந்தால் இன்றைய கட்டத்தை ஒரு தடவை பாருங்கள். அதில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று தைப்பூசக் காவடி. இன்னொன்று அடிமைமுறை ஒழிப்பு நாள். இரண்டுமே நம் மொரிசியஸில் அரசு விடுமுறை. இரண்டும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிட்டதே என்று பஸ்ஸிலும் கடையிலும் பலர் குறைப்பட்டதைக் கேட்டேன். வேலைக்குப் போகிறவர்களின் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இந்த இரண்டு பெயரும் ஒரே கட்டத்தில் வந்து நிற்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இப்படி இரண்டும் சந்திப்பது அபூர்வம். தைப்பூசம் ஓர் இடத்தில் நிற்காத நாள். தை மாதம், பூச நட்சத்திரம், பௌர்ணமியை ஒட்டிய பொழுது என்று பார்த்து வைப்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். 2024இல் ஜனவரி 25. போன ஆண்டு பிப்ரவரி 11. இந்த ஆண்டு பிப்ரவரி 1. சந்திரனின் பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்குப் பதினோரு நாள் குறைவு. அந்தக் குறைவு சேர்ந்து சேர்ந்து, 19 ஆண்டு முடியும்போது சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். 19 ஆண்டில் 235 சந்திர மாதங்கள். அதனால்தான் 2007ஆம் ஆண்டு மலேசியாவில் தைப்பூசம் இதே பிப்ரவரி 1 அன்று வந்தது. அங்கே அந்தத் தேதிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனதால் அந்நகரத்துக்கு அது விடுமுறை நாள். இன்றைக்கும் அங்கே இரண்டும் ஒன்றாகத்தான் வந்திருக்கின்றன.

சரி, தைப்பூசத்தைச் சந்திரன் கொண்டுவந்து சேர்க்கிறது. அடிமைமுறை ஒழிப்புக்குப் பிப்ரவரி 1 எப்படி வந்தது? அது சட்டம் குறித்த தேதி. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833 ஆகஸ்டில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் போன்ற இடங்களில் அது 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்றும் அங்கே அதுதான் விடுதலை நாள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு நான்கு மாதம் கூடுதல் கெடு கொடுத்தார்கள்; அங்கே டிசம்பர் 1. நம் தீவுக்கு ஆறு மாதம் கூடுதல். அப்படி வந்த தேதிதான் 1835 பிப்ரவரி 1. ஒரே சட்டம், ஒரே அரசு. ஆனாலும் கடலின் தூரத்துக்கு ஏற்ப ஒருவன் ஆகஸ்டில் மனிதனாகிறான், இன்னொருவன் அடுத்த பிப்ரவரி வரை காத்திருக்கிறான். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அதற்கு முன்பே ஒரு தடவை விடுதலை நம் கரை வரை வந்து திரும்பியிருக்கிறது. அப்போது நம் தீவு பிரெஞ்சுக்காரர்களின் கையில், 'இல் த பிரான்ஸ்' என்ற பெயரில் இருந்தது. பாரிஸில் புரட்சி அரசு 1794 பிப்ரவரி 4 அன்று அடிமைமுறையை ஒழித்தது. அதை அமல்படுத்த 1796இல் இரண்டு அதிகாரிகள் போர்ட் லூயிஸில் வந்து இறங்கினார்கள். இங்கிருந்த தோட்ட முதலாளிகள் சில நாளிலேயே அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு நெப்போலியன் 1802இல் அடிமைமுறைக்கு மறுபடியும் சட்ட பலம் கொடுத்தார். பக்கத்துத் தீவான ரெயூனியனில் விடுதலை வந்தது 1848 டிசம்பர் 20 அன்றுதான். அங்கே நம் தமிழர்களும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள்.

1835இல் வந்த விடுதலையும் முழுசாக வரவில்லை. பழைய எஜமானிடமே பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் உழைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அது முடிந்தது 1839இல். நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். அதில் 20 லட்சத்துக்கும் மேல் நம் தீவுக்கு வந்தது. அவ்வளவும் எஜமானர்களுக்கு. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பென்னிகூட இல்லை.

இந்தச் சட்டத்தில் தமிழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பிரிவு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்த நிலப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதி வைத்தார்கள். அதாவது தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இந்த விடுதலை கிடையாது. அங்கே பண்ணையாள்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. இந்தியாவில் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவை விலக்கிக்கொண்டது 1843இல்தான். நம் முன்னோர் எந்த மண்ணிலிருந்து கப்பல் ஏறினார்கள் என்பதை இந்தத் தேதிகளை வைத்துப் பாருங்கள். பிப்ரவரி 1 அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் நாள், நமக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் வந்து இறங்கியதை நினைக்கும் நவம்பர் 2 இருக்கிறது என்று நம்மில் சிலர் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்பாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இந்தத் தீவிலேயே இருக்கிறது. ஆளுநர் லா பூர்தோனே 1735இல் இங்கே வந்தார். போர்ட் லூயிஸைத் துறைமுகமாகக் கட்டியெழுப்பப் பாண்டிச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வரவழைக்கப்பட்டார்கள். அந்தக் கதையை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அதே பிரெஞ்சுக் காலத்தில் இந்தியக் கரைகளிலிருந்து அடிமைகளாகவும் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். மொசாம்பிக்கிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்தவர்கள்தான் மிகப் பெரும்பாலானவர்கள். இருந்தாலும் அவர்களோடு பாண்டிச்சேரி வழியாக வந்தவர்களும் இருந்தார்கள். கைவினைஞர் கதையைச் சொல்கிற வாயால் இவர்களின் கதையையும் நாம் சொல்ல வேண்டும். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கிரியோல் மக்களோடு கலந்துவிட்டார்கள். இன்று லெ மோர்ன் மலையடிவாரத்தில் மலர் வைக்கிற கூட்டத்தில் அவர்களின் வழிவந்தவர்களும் இருப்பார்கள்.

லெ மோர்ன் பற்றித் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை. தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் 556 மீட்டர் பாறை. தப்பியோடிய அடிமைகள் அதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். விடுதலைச் செய்தியைச் சொல்லத்தான் சிப்பாய்கள் ஏறி வந்தார்கள், பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் மேலிருந்து குதித்துவிட்டார்கள் என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 2008இல் யுனெஸ்கோ அந்த மலையை உலக மரபிடமாக அறிவித்தது. ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய ஆப்ரவாசி காட் அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் அந்தப் பட்டியலில் சேர்ந்திருந்தது. அடுத்தடுத்து இரண்டையும் அறிவித்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அட்லஸ் என்ற கப்பல் 36 ஒப்பந்தக் கூலிகளோடு போர்ட் லூயிஸ் வந்தது 1834 நவம்பர் 2 அன்று. விடுதலைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம் முன்னால். கரும்புத் தோட்டத்தில் ஒருவரின் இடத்தை நிரப்ப இன்னொருவரை ஏற்கெனவே வரவழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நவம்பர் 2 கிறிஸ்தவர்களுக்குக் கல்லறைத் திருநாள். நாம் முன்னோரின் வருகையை நினைக்கிற அதே நாளில் அவர்கள் முன்னோரின் சமாதிக்குப் பூ எடுத்துப் போகிறார்கள்.

பிப்ரவரி 1க்கே வருகிறேன். வெளியுலகத்திலும் இந்தத் தேதியில் விடுதலை என்ற சேதி திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் அடிமைமுறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தத்தை மாநிலங்களுக்கு அனுப்பும் தீர்மானத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1865 பிப்ரவரி 1 அன்று. ரிச்சர்ட் ராபர்ட் ரைட் என்பவர் அடிமையாகப் பிறந்து, பிறகு கல்லூரித் தலைவராகவும் வங்கி நிறுவனராகவும் உயர்ந்தவர். இந்த நாளைத் தேசிய சுதந்திர நாளாக அறிவிக்க வேண்டும் என்று அவர் முதுமையில் விடாமல் பாடுபட்டார். 1947இல் காலமானார். அறிவிப்பு வந்தது 1949இல், அதிபர் ட்ரூமன் கையால். அப்புறம் 1960இல் இதே பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த உணவுக் கவுண்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். காபி கொடுக்கவில்லை. அவர்கள் எழுந்திருக்கவும் இல்லை. கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். சட்டம் வந்து 95 ஆண்டு ஆகியும் ஒரு காபிக்காக இவ்வளவு தேவைப்பட்டது.

அயர்லாந்தில் இன்று புனித பிரிஜித்தின் திருநாள். அங்கே இதை வசந்தத்தின் முதல் நாளாகக் கொண்டாடுவது பழைய வழக்கம். கோரைப்புல்லால் சிலுவை பின்னி வீட்டு வாசலில் மாட்டுவார்கள். பிரிஜித்தின் பெயரில் 2023 முதல் அரசு விடுமுறையும் விடுகிறார்கள். பிரிஜித்தின் தகப்பன் ஒரு குலத்தலைவன், தாய் ஓர் அடிமைப் பெண் என்பது அங்கே வழங்கும் கதை. இந்தத் தேதியைப் பற்றிப் படித்துக்கொண்டு போகும்போது இந்தக் கதையில் நான் அப்படியே நின்றுவிட்டேன்.

எல்லா நாட்டிலும் இது நல்ல நாளாக இருந்துவிடவில்லை. பர்மாவில் 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டு அதே தேதியில் மக்கள் கடைகளை அடைத்து, வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்து தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். அங்கேயும் நம் தமிழர்கள் இருக்கிறார்கள். காவடி எடுத்த தோளோடு அவர்கள் இன்று என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்கு நினைப்பு ஓடுகிறது.

ஒரே தேதிக்கு இரண்டு நினைவு இருந்தால் சண்டை வரத்தான் வேண்டுமா? தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1838 டிசம்பர் 16 அன்று வெள்ளைக் குடியேறிகள் ஜூலு படையைத் தோற்கடித்தார்கள். அதை அவர்கள் நூறு ஆண்டுக்கும் மேலாகப் புனித நாளாகக் கொண்டாடினார்கள். 1961இல் மண்டேலாவும் தோழர்களும் ஆயுதப் போராட்டத்தைத் தொடங்க அதே டிசம்பர் 16ஐத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு வெற்றி நாள், மறுபக்கத்துக்குப் போர் நாள். நிறவெறி ஆட்சி முடிந்ததும் அந்த விடுமுறையை எடுத்துவிடாமல், 1995 முதல் நல்லிணக்க நாள் என்று இருவருக்கும் பொதுவாக வைத்தார்கள். அவர்களுக்கு இருந்தது ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு நினைவு. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. முருகனுக்கு எடுக்கும் காவடியும் விலங்கு அறுந்த நாளும் எந்த விதத்தில் எதிர்?

இன்று காலை எங்கள் தெருவில் காவடி வந்தபோது தாரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி வெயில் உங்களுக்கே தெரியும். எலுமிச்சையும் பூவும் கட்டிய காவடிகள், பால் செம்புகள், கன்னத்தில் வேல், எல்லாம் வெறுங்காலோடு. எதிர்வீட்டுக் கிரியோல் அம்மாவைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் தாந்தின் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வழக்கம்போலத் தோட்டக் குழாயை இழுத்து வந்து, பாதங்கள் படும் இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டே நின்றார். செம்பு ஏந்திய ஒரு சின்னப் பெண் கால் சுட்டுத் தயங்கியதும், "வா வா, இங்கே மிதி" என்று கிரியோலில் சொல்லிக் குழாயை அந்தப் பக்கம் திருப்பினார். ஊர்வலம் போனதும் உடுப்பை மாற்றிக்கொண்டு மகனோடு லெ மோர்னுக்குக் கிளம்பிவிட்டார். மத்தியானம் கோயிலில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறினார்கள். அவருக்கு ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறோம்.

நம் காவடிக்கு அவர் நிற்கிறார். அவர் நாளுக்கு நாம் எத்தனை பேர் போகிறோம்? போகத் தெரியாதவர்கள் அல்ல நாம். செப்டம்பர் 9 வந்தால் சேந்த்-குவாவிலுள்ள லாவால் பாதிரியார் சமாதிக்குத் தமிழ்க் குடும்பங்களும் நடந்து போகின்றன. அவர் 1841இல் இங்கே வந்து, விடுதலை பெற்ற அடிமைகளுக்காகவே உழைத்தவர். அந்த ஒரு நாளில் யாருடைய நாள் இது என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த ஆண்டு தைப்பூசம் ஜனவரிக்குப் போய்விடும். பிப்ரவரி 1 தனியாக, திங்கட்கிழமையில் வரும். காவடி இல்லாத நாள், விரதம் முடிந்த நாள். மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்தும் கோயில்கள் அன்றைக்கு ஒரு பஸ் ஏற்பாடு செய்து பிள்ளைகளை லெ மோர்னுக்குக் கூட்டிப் போகலாம். போவதற்கு முந்தைய வகுப்பில் இந்த 1833 சட்டத்தையும் அதில் தஞ்சாவூர் விடுபட்ட கதையையும் சொல்லிக்கொடுக்கலாம். நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பெற்றோரிடம் பேசிவிட்டேன். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்திடம் நீங்களும் இந்த வாரமே கேளுங்கள். தேதி கைக்கு வர இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது, ஏற்பாடு செய்ய அது போதும். வணக்கம்.